தானப் பத்திரமும் வில்லங்கமும்: சிலுவைப்போர் நாடுகளில் மடங்களுக்குப் போன ஊர்கள்

கேள்வி இது: சிலுவைப்போர் வீரர்கள் ஜெருசலேமைச் சுற்றி அமைத்த நாடுகளில் அரசர்களும் பிரபுக்களும் ஊர் ஊராக மடங்களுக்கு எழுதிக் கொடுத்தார்களே, அதற்குக் காரணம் பக்தியா, அரசியலா? அப்படி வாரிக் கொடுத்ததால்தான் அந்த நாடுகள் நலிந்து போயினவா?

பக்தி இருந்தது, அதைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் இல்லை. செத்தால் நரகம் என்று உண்மையாகவே அஞ்சியவர்கள் அவர்கள். ஆனால் 'என் ஆன்மாவுக்காகவும் என் பெற்றோர் ஆன்மாவுக்காகவும்' என்று தொடங்குகிற ஒரு பத்திரத்தை முதல் வரியோடு நிறுத்திவிடக் கூடாது. யார் சம்மதம் கொடுத்தார்கள், யாருக்கு எவ்வளவு பணம் கைமாறியது, பதிலுக்கு எந்த நிலம் வந்தது என்பதெல்லாம் கீழே இருக்கும். அங்கே போய்ப் பார்த்தால் தானம் என்ற பெயரில் விற்பனை இருக்கும், பரிவர்த்தனை இருக்கும், காக்க முடியாத சொத்தைக் கைகழுவியதும் இருக்கும். கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு என் பதில், காரணகாரியத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள் என்பதுதான். கொடுத்ததால் நலியவில்லை, நலிந்ததால் கொடுத்தார்கள். முழுக்க அப்படியும் இல்லை, ஆனால் பெரும்பாலும் அப்படித்தான்.

1099 ஜூலை 15 அன்று ஜெருசலேம் விழுந்தது. ஆட்சிக்கு வந்த கோட்ஃப்ரி ஓராண்டுதான் உயிரோடு இருந்தார். அதற்குள் இயேசுவின் கல்லறை மேல் எழுந்த திருக்கல்லறைக் கோயிலின் குருக்களுக்கு ஜெருசலேம் வட்டாரத்தில் 21 ஊர்களைக் கொடுத்துவிட்டார். அவருடைய தம்பி முதலாம் பால்ட்வின் 1114இல் அதை உறுதிப்படுத்தினார். ஹாஸ்பிட்டலர் சபைக்கு, அதாவது யாத்திரிகர்களுக்கான மருத்துவமனையை நடத்திய துறவியருக்கு, கோட்ஃப்ரி கொடுத்தவை ஹெசிலியா என்ற ஓர் ஊரும் ஜெருசலேம் நகருக்குள் இரண்டு அடுப்புகளும். அடுப்பா என்று சிரிக்க வேண்டாம். அது ஊர்மக்கள் காசு கொடுத்து ரொட்டி சுட்டுக்கொள்ளும் பொது அடுப்பு. நகரத்தில் ஓர் அடுப்பு உங்கள் பெயரில் இருந்தால் விறகு எரிகிற ஒவ்வொரு நாளும் வருமானம். வெட்டி எடுத்த நாட்டில் அரசனிடம் பணம் கிடையாது, நிலமும் உரிமைகளும்தான் இருந்தன. கோயிலில் பூசை நடக்க வேண்டும், யாத்திரிகர்களுக்குச் சோறு போட வேண்டும் என்றால் அவற்றைத்தான் பிரித்துக் கொடுக்க முடியும்.

ஊரைக் கொடுப்பது என்றால் என்ன கொடுப்பது? இந்த ஆவணங்களில் ஊருக்குப் பெயர் 'கசால்'. வீடுகள், வயல், ஒலிவத் தோப்பு, கிணறு, களம், மேய்ச்சல், கூடவே குடியானவர்கள். நிலத்தை 'இத்தனை ஏர்' என்று அளந்தார்கள். குடிகள் பெரும்பாலும் முஸ்லிம்கள் அல்லது உள்நாட்டுச் சிரியக் கிறிஸ்தவர்கள். சில பத்திரங்களில் குடியானவனின் பெயரைச் சொல்லி, 'அவனையும் அவன் வாரிசுகளையும்' சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த மனிதனுக்கு எழுத்தில் கிடைத்த ஒரே இடம், தன்னை இன்னொருவருக்குக் கொடுத்த பத்திரம். நாடோடிகளும் தப்பவில்லை. 1178இல் நாப்லூஸ் அதிகாரி ஒருவர் 103 பெதூயின் கூடாரங்களை ஹாஸ்பிட்டலர் சபைக்கு விற்றதை நான்காம் பால்ட்வின் உறுதிசெய்திருக்கிறார். கூடாரம் என்றால் துணி அல்ல, குடும்பம். குடிகளைப் பொறுத்தவரை உரிமையாளர் மாறினாலும் களத்தில் பங்கு கொடுப்பது மாறவில்லை. 1184இல் திப்னீனிலிருந்து அக்கோவுக்குப் போன பயணி இப்னு ஜுபைர், அந்த வழியில் இருந்த முஸ்லிம் விவசாயிகள் விளைச்சலில் பாதியையும் தலைக்கு ஒரு தீனாரும் ஐந்து கீராத்தும் (தீனாரின் சிறு பங்கு) கொடுத்ததாக எழுதுகிறார். இவ்வளவுக்கும், முஸ்லிம் ஆட்சியில் இருந்த தங்கள் இனத்தாரைவிட அவர்கள் வசதியாக இருந்தார்கள் என்று அவரே வயிற்றெரிச்சலோடு சேர்த்துச் சொல்கிறார்.

சில மடங்கள் கிடைத்த ஊரை அப்படியே விட்டுவைக்கவில்லை. கோட்ஃப்ரி கொடுத்த 21 ஊர்களில் ஒன்று அல்பீரா. அதில் குருக்கள் ஐரோப்பியக் குடியேறிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். 1156ஆம் ஆண்டின் பெயர்ப் பட்டியல் ஒன்று இருக்கிறது, ஏறத்தாழ 140 பேர். தச்சர், கொல்லர், செருப்புத் தைப்பவர், தோட்டக்காரர் என்று தொழிலோடு பெயர்கள். ஹாஸ்பிட்டலர் சபையும் பேத் ஜிப்ரீனில் இப்படியே 32 குடும்பங்களைக் குடியமர்த்தியது. தானமாக வந்த நிலத்தில் ஆள் வைத்து, விளைச்சலில் பங்கு வாங்கி, ஊராக்கிய நிர்வாகிகள் இவர்கள். கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் என்று கற்பனை செய்தால் படம் தப்பாகிவிடும்.

இனி ஒரே ஒரு தானத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பெத்தானியா, லாசரு உயிர்த்தெழுந்ததாக வேதாகமம் சொல்லும் ஊர். 1138இல் அரசி மெலிசெந்தும் அவர் கணவர் ஃபுல்க்கும் அங்கே ஒரு கன்னியர் மடம் தொடங்கினார்கள். யாருக்காக? மெலிசெந்தின் கடைசித் தங்கை இவெத்தாவுக்காக. அந்தப் பெண்ணைச் சின்னக் குழந்தையாக இருந்தபோதே தந்தையின் விடுதலைக்காகப் பிணையாக எதிரியிடம் அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்தவள் ஜெருசலேமில் புனித அன்னாள் மடத்தில் சேர்ந்தாள். அரசன் மகள் ஒருத்தி சாதாரணப் பெண்ணைப் போல இன்னொரு தலைவிக்குக் கீழ்ப்பட்டு இருப்பதா என்று அக்காவுக்குப் பொறுக்கவில்லை. இது என் ஊகம் அல்ல, அந்தக் காலத்தைப் பற்றி எழுதிய தீரு நகரப் பேராயர் வில்லியம் சொல்லும் காரணம்.

ஆனால் பெத்தானியா அரசியின் கையில் இல்லை, திருக்கல்லறைக் கோயில் குருக்களிடம் இருந்தது. கோயில் சொத்தைச் சும்மா கேட்க முடியுமா? அதனால் பரிவர்த்தனை. பெத்லகேமுக்குத் தெற்கே தெக்கோவாவை அவர்களுக்குக் கொடுத்து, பெத்தானியாவை வாங்கினார்கள். பேரம் அதோடு முடியவில்லை. தெக்கோவா மக்கள் சவக்கடல் கரையில் நிலக்கீலும் உப்பும் எடுத்துக்கொள்ளலாம் என்ற உரிமையும் பத்திரத்தில் ஏறியது. குருக்கள் தரப்பில் யாரோ கணக்குப் புலி இருந்திருக்க வேண்டும். பிறகு மடத்துக்குப் பாலைவன ஓரத்தில் எதிரி பயம் என்பதால் ஒரு கற்கோபுரம், பொன் வெள்ளிப் பாத்திரங்கள், பட்டு. மடம் பசியில்லாமல் இருக்க எரிகோவும் அதைச் சேர்ந்த நிலங்களும். இவெத்தாவுக்கு வயது போதாது என்பதால் முதலில் ஒரு முதியவரைத் தலைவியாக வைத்து, அவர் இறந்ததும் தங்கையை அமர்த்தினார்கள். வேறெந்த மடத்துக்கும் இல்லாத செல்வம் அதற்கு இருந்தது என்கிறார் வில்லியம்.

அந்த எரிகோவின் வில்லங்கம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. அது முன்பு தேவாலயச் சொத்து. ஜெருசலேம் திருச்சபையின் தலைவரான முதுபெரும் தந்தை ஆர்னுல்ஃப் தன் அண்ணன் அல்லது அக்காள் வழி மகளான எம்மாவை சீதோன், செசரியா ஊர்களின் பிரபு யூஸ்தாஸுக்குக் கட்டிக் கொடுத்தபோது, தேவாலயத்துக்குரிய எரிகோவைத் தூக்கிச் சீராகக் கொடுத்துவிட்டார். ஆண்டுக்கு 5,000 பொற்காசு வருகிற ஊர் என்று வில்லியம் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறார். ஒரு தலைமுறைக்குள் அதே ஊர் அரசியின் தானமாக மறுபடி ஒரு தேவாலயத்துக்கு வருகிறது. இம்முறை புண்ணியம் மெலிசெந்த் கணக்கில்.

மெலிசெந்த் பெயர் இன்னொரு வழக்கிலும் வருகிறது. அதைச் சிரிய மொழியில் கையெழுத்துப் பிரதிகளின் முடிவில் துறவிகள் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து அறிகிறோம். சிரிய யாக்கோபியக் கிறிஸ்தவர்களுக்கு அதசிய்யா, பேத் ஆரிஃப் என்று இரண்டு ஊர்கள் இருந்தன. 1099க்கு முன்பே அவர்களுடைய ஆயர் எகிப்துக்குப் போய்விட்டார். ஆளில்லாச் சொத்து என்று பிராங்கியர்கள், அதாவது மேற்கிலிருந்து வந்த சிலுவைப்போர்க்காரர்கள், எடுத்துக்கொண்டார்கள், கொஃபியே என்ற வீரனுக்கு அவை கிடைத்தன. அந்த வீரன் எகிப்தியரிடம் சிறைப்பட்டான். செத்துவிட்டான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஊர்களும் யாக்கோபியர்களிடம் திரும்பின. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, கிழவனாகி, அவன் உயிரோடு வந்து நின்றான். என் ஊர்கள் எங்கே என்று கேட்டான். முப்பது ஆண்டு சிறை இருந்து வந்தவனை யார்தான் துரத்த முடியும்? அரசன் ஃபுல்க்கின் மனம் அவன் பக்கம் சாய்ந்தது. யாக்கோபிய ஆயர் இக்னாத்தியு அரசியிடம் போனார். மெலிசெந்த் அவர்களுக்காகப் பேசினார். கடைசியில் கிழவனுக்கு 200 தீனார் கொடுத்து வழக்கை முடித்தார்கள், ஊர்கள் சபையிடமே தங்கின. மேல்நாட்டு லத்தீன் மடங்கள்தான் சலுகை பெற்றன என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்களுக்கு இந்த வழக்கைக் காட்டலாம். அதே நேரம், தங்கள் சொத்தைத் திரும்பப் பெற அவர்கள் காசு கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் காட்ட வேண்டும்.

இதுவரை வயலும் தோப்பும். 1130களுக்குப் பிறகு கைமாறியவற்றில் கோட்டைகள் பெருகின. மருத்துவமனை நடத்திய ஹாஸ்பிட்டலர் சபை போரிடும் சபையாகவும் மாறிவந்தது. கதையின் நிறம் அங்கேதான் மாறுகிறது. ஃபுல்க் 1136இல் பேத் ஜிப்ரீனை ஹாஸ்பிட்டலர் சபைக்குக் கொடுத்தார். 1140களின் தொடக்கத்தில் இன்றைய லெபனானில் இருக்கும் திரிப்போலியின் கோமகன் இரண்டாம் ரேமண்ட் கிராக் கோட்டையையும் சுற்றுப்புறத்தையும் கொடுத்தார். இந்தப் பத்திரத்தைப் பாருங்கள். ஹோம்ஸ் ஏரியில் மீன் பிடிக்கும் உரிமை அதில் உண்டு. கோமகன் சபையின் சம்மதம் இல்லாமல் முஸ்லிம்களோடு போர்நிறுத்தம் செய்யமாட்டார். கொள்ளைப் பொருளில் அவர் நேரில் போரில் இருந்தால் பாதி, இல்லையென்றால் எல்லாம் சபைக்கே. இதைத் தானம் என்பதா, பாதி நாட்டை எழுதிக் கொடுத்த உடன்படிக்கை என்பதா? கொடுத்த பட்டியலில் ரஃபனிய்யாவும் மோன்ஃபெராந்தும் இருக்கின்றன. இரண்டையும் சில ஆண்டுகளுக்கு முன்பு, 1137இல், மோசூலையும் அலெப்போவையும் ஆண்ட முஸ்லிம் ஆட்சியாளர் ஸெங்கி பிடித்துவிட்டார். எதிரி கையில் இருக்கிற ஊருக்குத் தானப் பத்திரம்! 'முடிந்தால் மீட்டு வைத்துக்கொள்' என்பதே அதன் பொருள். கோமகனுக்கு நட்டமில்லை, சபை மீட்டால் எல்லை பத்திரமாகும்.

பிறகு விலை வெளிப்படையாகவே எழுதப்பட்டது. 1168இல் யோர்தான் பள்ளத்தாக்குக்கு மேலே இருக்கும் பெல்வுவார் மலையை ஈவோ வெலோஸ் என்பவர் 1,400 பெசண்ட் பொற்காசுக்கு ஹாஸ்பிட்டலர் சபைக்கு விற்றார். சபை அங்கே கட்டிய இரட்டைச் சுவர்க் கோட்டையின் அடித்தளம் இன்றும் நிற்கிறது. அதே ஆண்டில் அரசர் அமால்ரிக் சஃபேத் கோட்டையைப் போரிடும் துறவியரின் இன்னொரு சபையான டெம்ப்ளர் சபையிடம் விட்டார். கடற்கரையோரம் மர்காப் கோட்டையை வைத்திருந்த பெர்த்ராந்த் மஸுவா, செலவு தாங்காமல் 1187 பிப்ரவரியில் அதை ஹாஸ்பிட்டலர்களுக்கு விட்டுக்கொடுத்தார். தனக்கும் வாரிசுகளுக்கும் ஆண்டுக்கு 2,200 பெசண்ட் என்று பேசிக்கொண்டார். ஐந்து மாதத்தில் ஹத்தீன் போரில் சுல்தான் சலாஹுத்தீனிடம் ஜெருசலேம் படை அழிந்தது, நாடே சரிந்தது. அடுத்த ஆண்டு சலாஹுத்தீன் வடக்கே வந்தபோது மர்காபையும் கிராக்கையும் தொடாமல் கடந்து போனார். சபை கையில் இல்லாமல் குடும்பத்தின் கையில் இருந்திருந்தால் அவை அந்த ஆண்டைத் தாண்டியிருக்காது என்பது என் கணிப்பு.

பிரபுவால் முடியாதது சபையால் எப்படி முடிந்தது? ஒரு பிரபு குடும்பத்துக்கு அறுவடை கெட்டால் அந்த ஆண்டே நெருக்கடி. சபைக்கு பிரான்சிலும் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் தோட்டங்கள் இருந்தன, அங்கிருந்தும் வருமானம் வந்தது. 1134இல் இறந்த அரகோன் அரசர் முதலாம் அல்ஃபோன்சோ, தன் முழு நாட்டையும் திருக்கல்லறைக்கும் ஹாஸ்பிட்டலர், டெம்ப்ளர் என்ற இரண்டு சபைகளுக்கும் உயில் எழுதிவைத்தார் என்றால் அந்த அலையின் உயரம் புரியும். உள்ளூர் பிரபுக்கள் அந்த உயிலை நிறைவேற்ற விடவில்லை என்பது வேறு விஷயம்.

இந்தப் பணமெல்லாம் எங்கே போனது என்பதற்கு 1182ஆம் ஆண்டு ஹாஸ்பிட்டலர் விதிகளில் ஓர் அழகான பக்கம் இருக்கிறது. திரிப்போலி மடத் தலைவர் ஜெருசலேம் மருத்துவமனைக்கு நோயாளிகளின் பாகுக்கும் மருந்துக்கும் இரண்டு குவிண்டால் சர்க்கரை அனுப்ப வேண்டும், திபேரியா நிர்வாகியும் அதே அளவு. கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து 200 கம்பளி விரிப்புகள். அந்தியோகியாவிலிருந்து போர்வைக்குப் பருத்தித் துணி. நான்கு மருத்துவர்கள். யாத்திரையில் வந்த பெண்கள் பெற்ற குழந்தைகளுக்குத் தனித் தொட்டில். எங்கோ ஒரு பிரபு ஆன்மாவுக்காக எழுதிக் கொடுத்த கரும்பு நிலம், ஜெருசலேமில் யாரோ ஒரு காய்ச்சல்காரனின் மருந்தில் கரைந்திருக்கிறது. கோட்டைக் கணக்கு மட்டும் பார்ப்பவர்கள் இந்தப் பக்கத்தைத் தவறவிடுகிறார்கள். கோட்டைதான் கடைசியில் பெரும்பணத்தை விழுங்கியது என்பதும் உண்மை. 1168இல் எகிப்துப் படையெடுப்புக்கு அரசரைத் தூண்டிய சபைத் தலைவர் ஜில்பெர்ட், வெற்றி கிடைத்தால் பில்பெய்ஸ் நகரம் சபைக்கு என்று பேசிவைத்திருந்தார். படை தோற்றது. அவர் பதவி விலகியபோது சபையின் தலையில் 1,00,000 பொற்காசு கடன்.

தானம் பெற்றவர்களுக்குள் சண்டை இல்லாமல் இருக்குமா? தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒன்று, ஆயர்களுக்குரியது. 1120 நாப்லூஸ் பேரவையில் இரண்டாம் பால்ட்வின் தான் பிடித்துவைத்திருந்த தசமபாகங்களை முதுபெரும் தந்தையிடம் ஒப்படைத்தார். ஆனால் போப் கொடுத்த சலுகைகளால் ஹாஸ்பிட்டலர் சபை தன் நிலங்களுக்குத் தசமபாகம் கட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு ஊர் சபைக்குப் போகும்போதும் ஆயரின் வருமானத்தில் ஓர் ஓட்டை. 1150களில் இது வெடித்தது. முதுபெரும் தந்தை ஃபுல்கர் மக்களுக்குப் பிரசங்கம் செய்ய எழுந்தால், எதிரே இருந்த மருத்துவமனையில் மணிகளை விடாமல் அடித்து அவர் குரலை மூழ்கடித்தார்கள். ஒருநாள் ஆயுதத்தோடு திருக்கல்லறைக் கோயிலுக்குள்ளேயே அம்பு விட்டார்கள். அந்த அம்புகளைப் பொறுக்கிக் கட்டாகக் கட்டி, அந்தக் கோயிலுக்குள் இயேசு சிலுவையில் அறையப்பட்ட இடமாகக் கருதப்படும் கல்வாரிக்கு முன்னால் கயிற்றில் தொங்கவிட்டிருந்ததைத் தன் கண்ணால் பார்த்ததாக வில்லியம் எழுதுகிறார். நூறு வயதை நெருங்கிய ஃபுல்கர் 1155இல் கடல் கடந்து போப்பிடம் முறையிடப் போனார், வெறுங்கையோடு திரும்பினார். கர்தினால்கள் கைநீட்டி வாங்கிவிட்டார்கள் என்பது வில்லியத்தின் குற்றச்சாட்டு. அவரும் ஒரு பேராயர், தசமபாகத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

கேள்வியின் இரண்டாம் பகுதிக்குத் திரும்புகிறேன். அரசர்கள் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவில்லை. படைச் சேவைக்காக நிலம் பெற்றவன் மேலதிகாரியின் சம்மதமின்றி அதை மடத்துக்கு விற்க முடியாது. நகரத்தில் சாதாரணக் குடிமகனின் வீட்டை விற்கும் பத்திரத்திலேயே 'தேவாலயத்துக்கும் சபைக்கும் வீரருக்கும் விற்கக் கூடாது' என்ற நிபந்தனை போட்டார்கள். மடத்துக்குப் போன சொத்து சாவதில்லை, வாரிசில்லாமல் திரும்புவதுமில்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். மேலும், நிலம் பெற்ற தேவாலயங்கள் ஆள் அனுப்பியாக வேண்டும். 1260களில் சட்ட நூல் எழுதிய யாஃபா பிரபு இபெலின் ஜான் தரும் பழைய பட்டியலில், நாடு முழுவதற்குமாகக் குதிரை வீரர்கள் ஏறத்தாழ 675 பேர்தான். காலாட்படையில் முதுபெரும் தந்தை 500, திருக்கல்லறைக் குருக்கள் 500, யோசபாத் பள்ளத்தாக்கு மடம் 150, தாபோர் மலை மடம் 100 என்று வருகிறது. ஜெருசலேம் நகரம் முழுவதற்கும் விதித்ததும் அதே 500தான். கொடுத்ததில் ஒரு பகுதியை அரசு இப்படித் திரும்ப வாங்கிக்கொண்டது. இராணுவச் சபைகள் மட்டும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் போப்புக்குக் கட்டுப்பட்டவர்கள், அரசன் கூப்பிட்டால் வரலாம், வராமலும் இருக்கலாம். அரசுக்கு உண்மையான இழப்பு அங்கேதான்.

13ஆம் நூற்றாண்டில் தானம் என்ற சொல்லே பொருந்தாது. 1220இல் ஹென்னபெர்க் ஓட்டோவும் மனைவி பியாட்ரிஸும், அவள் தந்தை மூன்றாம் ஜோஸ்லின் வழி வந்த கலிலேயா நிலங்களை 7,000 வெள்ளி மார்க்குக்கு ஜெர்மானியரின் போர்த் துறவியர் சபையான டியூட்டானிக் சபைக்கு விற்றார்கள். மோன்ஃபோர்ட் கோட்டை எழுந்தது அந்த நிலத்தில். 1260இல் மங்கோலியர் சூறையாடிய பிறகு சீதோன் பிரபு ஜூலியன், ஏற்கெனவே சூதாடிக் கடன்பட்டவர், சீதோனை டெம்ப்ளர்களிடம் விட்டார். 1261இல் அர்சூஃப் ஹாஸ்பிட்டலர்களிடம் போனது, நான்கே ஆண்டுகளில் எகிப்து சுல்தான் பைபர்ஸ் அதைப் பிடித்தார். மடங்களே மடத்தைக் காக்க முடியாத நிலையும் வந்தது. முதல் சிலுவைப்போர்த் தலைவர்களில் ஒருவரான டான்க்ரெட் காலத்திலிருந்து நிலபுலன்களோடு இருந்த தாபோர் மலை மடத்தை 1255இல் போப் ஹாஸ்பிட்டலர் சபையிடம் ஒப்படைத்தார்.

எவ்வளவு நிலம் மொத்தமாக மடங்களிடம் இருந்தது என்று அடுத்து கேட்பீர்கள். அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள், நமக்குக் கிடைத்திருப்பவை பெரும்பாலும் பெற்றவர்கள் வைத்திருந்த பத்திரங்கள். அரசின் ஆவணக் காப்பகமும் பிரபுக்களின் பெட்டிகளும் அழிந்துவிட்டன. யோசபாத் மடத் துறவிகள் சிசிலிக்குப் போகும்போது பத்திரங்களையும் தூக்கிக்கொண்டு போனார்கள், அவற்றில் போலிகளும் கலந்திருக்கின்றன. ஹாஸ்பிட்டலர் பத்திரங்கள் மால்டாவில் இருக்கின்றன, திருக்கல்லறைக் குருக்களின் பதிவேட்டுப் பிரதிகள் வத்திக்கானில், டியூட்டானிக் சபையின் பதிவேடு பெர்லினில். டெம்ப்ளர்களின் கிழக்கத்திய ஆவணங்கள் சைப்ரஸ் வரை போய்த் தொலைந்தன. எனவே நூல்களில் ஹாஸ்பிட்டலர் ஊர்கள் வரிசையாகவும் டெம்ப்ளர் ஊர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும் தெரிந்தால், முன்னவர் பணக்காரர், பின்னவர் ஏழை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த வேறுபாடு பத்திரப் பெட்டி தப்பியதிலும் தொலைந்ததிலும் வந்தது.